பர்மாப் பிள்ளைக்கு வைத்த தண்ணீர்

ரங்கூன் அச்சாபீஸ்காரர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்காகத்தான் நான் கப்பலேறி, ரயிலேறி திண்டுக்கல்லுக்கு வந்தேன். "உங்கப்பா இறந்துபோன இடத்துக்குப் பேர் என்னம்மா? அதையும் போட்டுட்டா அத்தியாயம் கச்சிதமா இருக்கும்" என்றார் அந்த நல்ல மனிதர். எழுத்துக் கோத்துக் கோத்துக் கறுத்துப்போன விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு கேட்டார். அந்தப் பக்கத்தைப் படித்து அழுதிருக்கிறார்.

அப்புறம் எழுதித் தருகிறேன் என்று மழுப்பிவிட்டு வந்தேன். ஏனென்றால் அந்தப் பக்கம் பொய்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அப்பா, நான், நாலு வயசுத் தங்கச்சி லூர்து மூன்று பேரும் ஊரோடு ஊராக இந்தியாவைப் பார்த்து நடந்தோம். அந்த நடையைத்தான் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தேன். தின்ற தழை, குடித்த சேறு, வழியில் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனது எல்லாம் நிஜம். அப்பாவின் அத்தியாயம் மட்டும் நிஜமில்லை. அதில் அவர் காலராவில் என் மடியில் தலை வைத்து உயிர் விடுகிறார். உண்மையில் காலரா வந்தது எனக்கு. ஒரு மரத்தடியில் என்னைச் சாய்த்து வைத்து, "இங்கனயே இரு, தண்ணி கொண்டாரேன். இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, லூர்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். ரோடு வளைகிற இடத்தில் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன், அவருக்குத் தெரியட்டும் என்று. அவர் வரவேயில்லை.

நடக்க முடியாமல் ரங்கூனுக்கே திரும்பிக்கொண்டிருந்த இட்லிக்கார மரியம்மா என்னைக் கண்டெடுத்தாள். நடந்து நடந்து புண்ணான இடது காலில் இரண்டு விரல் அழுகிப் போனது, உயிர் தங்கிவிட்டது. அவள் வளர்த்தாள், படிக்க வைத்தாள், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அப்பா எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் செத்துப்போய்விட்டார் என்றேன். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எந்தப் பிள்ளைதான் வாய்விட்டுச் சொல்லும்?

ஆனால் அச்சில் ஏறப்போகிறது என்றதும் பயம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வளைவில் திரும்பியபோது நான் எழுந்து உட்கார்ந்ததை அப்பா பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால், செத்துவிட்டது என்று நினைத்துப் போயிருப்பார், பாவம். பார்த்திருந்தால்?

அப்பாவின் சொந்த ஊர்ப்பக்கமான திண்டுக்கல் என்னை வாசனையோடுதான் வரவேற்றது. ரயில் நிற்கும் முன்பே பதனிடுகிற தோலின் நாற்றம் ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கிப் பார்த்தால் எதிரே மொட்டைப் பாறை, அதன் தலையில் கோட்டை. எந்தத் தெருவில் திரும்பினாலும் அது ஏதாவது ஒரு கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தது. ஜட்காக்காரர் என் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "இந்தா வாரேன்மா" என்று சொல்லி டீக்கடைப் பக்கம் போனார். அவ்வளவுதான், எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பதினாறு வருஷம் கழித்து அதே இரண்டு சொல், அதே இழுப்பு. ரங்கூனில் ஆந்திராக்காரர், தஞ்சாவூர்க்காரர், செட்டிநாட்டுக்காரர் எல்லோரும் உண்டு, யாரும் அதை இந்த மாதிரி சொல்லிக் கேட்டதில்லை. ஜட்காக்காரர் அஞ்சு நிமிஷத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிப்போய்விட்டார், பாவம்.

அன்றைக்கு முழுவதும் இதே கூத்துதான். சாப்பாட்டுக் கடையில் "வெஞ்சனம் என்ன வைக்க?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். எனக்குப் புரியவில்லை. "அதாம்மா, தொட்டுக்கிற" என்று விளக்கிவிட்டு, "இந்தா வாரேன்" என்று உள்ளே போனார். கைக்குட்டை விற்கிறவர், தபாலாபீஸ் குமாஸ்தா, தண்ணீர் கேட்ட வீட்டு அம்மாள், எல்லோரும் "இந்தா வாரேன்". எல்லோரும் வந்தார்கள். கறிக்குழம்பு நாக்கைச் சுட்டெடுத்தது, எங்கள் ஊர்ச் சேமியாச் சாறு மொய்ங்காவின் மீன் வாசனைக்கு ஏங்கிப்போனேன். தனியாக வந்த பெண்ணுக்கு லாட்ஜில் இடமில்லை என்று விரட்டினார்கள். கன்னியாஸ்திரீகள் மடத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்.

மறுநாள் அகரம் போக பஸ் நிலையத்துக்குப் போனேன். அப்பாவின் ஊர் அகரத்துக்குப் பக்கத்தில், கோயில் கோபுரத்தில் சிலுவை வைத்த ஒரு சின்ன ஊர் என்பது மட்டும் ஞாபகம். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒருவர் போனார். நாலு முழ வேட்டி, தோளில் ஒரு பெண் குழந்தை, அது அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அந்த முதுகு எனக்குத் தெரியும். என் புத்தி எங்கே போயிற்றோ, அந்த முதுகின் பின்னாலேயே போய் அவர் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்தபோதும் "அவங்க இறங்குற இடம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்! ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலை கிட்டே கிட்டே வந்தது. குழந்தை ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

வத்தலக்குண்டில் அவர் இறங்கினார். நானும் இறங்கினேன். திரும்பினார். அம்மைத் தழும்பு முகம், என்னைவிடச் சின்ன வயசு. "என்னக்கா, எதும் வேணுமா?" என்றார். "ஒண்ணுமில்ல தம்பி, தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்" என்றேன். குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கி நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். அன்றைய பொழுது அப்படியே பாழ்.

மூன்றாம் நாள் சரியான பஸ்ஸில்தான் ஏறினேன். வழிதான் சரியில்லை. ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியதில் குடகனாற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. "பஸ்ஸு இதுக்கு மேல போகாது, நடந்து கடக்கிறவுக கடங்க" என்று டிரைவர் பீடியைப் பற்ற வைத்துவிட்டார். முழங்கால் அளவு தண்ணீர். என்னோடு பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாப்பாத்தி என்று ஒரு பெண் வந்தாள். என் கையைப் பிடித்துக் கடத்தி விட்டாள். அக்கரையில் ஒரு வேம்பு, அதனடியில் ஓலை மூடிய மண்பானை, மேலே கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை. சுற்றிலும் ஒரே வெள்ளம், குடிக்க அந்தப் பானையை விட்டால் வேறில்லை. எனக்கோ பயணத்தில் தொண்டை காய்ந்துகொண்டிருந்தது. மொண்டு மடக் மடக்கென்று குடித்தேன்.

"அய்யய்யோ!" என்று பாப்பாத்தி கத்தியதில் சிரட்டை கை நழுவிவிட்டது. "அதப் போயி குடிச்சிட்டீகளே! அது பர்மாப் புள்ளைக்கு வச்ச தண்ணிக்கா!"

"எந்தப் பிள்ளை?"

"வெளியூராக்கும். ஒங்களுக்கு எங்க தெரியும்? சண்டக் காலத்துல பர்மாவுலருந்து நடந்து வாரப்ப ஒரு பொட்டப்புள்ள செத்துப்போச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டே செத்துச்சாம். அது இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு. ஊருக்கு வந்து சேரல. அதுக்குத்தான் அவுக அப்பா சவரிமுத்தண்ணன் பானை வச்சாரு. நாங்க இந்தப் பக்கம் பொழுது சாஞ்சா தனியா வர மாட்டோம். ஒரு காலு நொண்டியாட்டம் சத்தம் கேக்கும்பாக."

சவரிமுத்து என் அப்பா. மழைத் தூறல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. என் பேயைப் பற்றி என்னிடமே சொல்கிறாள்! சிரிப்புதான் முதலில் வந்தது, நம்புங்கள். அப்புறம்தான் உறைத்தது. செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவர் பார்க்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் நகர்ந்த மாதிரி இருந்தது.

"அவர் வீட்டுக்குத்தான் போறேன். இருக்காரா?"

"அவரு போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சே."

அந்தப் பொய் அத்தியாயத்தை நான் எழுதி நாலு வருஷம் ஆகிறது. மனுஷர் அதற்கப்புறமும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார், நான் அங்கே அவரைச் சாகடித்து அழகாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க எந்த ஊருக்கா?" என்றாள் பாப்பாத்தி.

"ரங்கூன்."

"பேரு?"

"செசிலி."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். கால் தரையில் பாவுகிறதா என்று பார்க்கிறாள். பாவித்தான் இருந்தது, மூன்றே விரலோடு. அவ்வளவுதான், கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்த வழியே ஆற்றில் இறங்கி ஓடினாள். கனகாம்பரம் சேற்றில் சிதறிக் கிடந்தது. நான் உட்கார்ந்து பொறுக்கிக் கூடையில் போட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தேன். ஈரச் சேலையில் என் நொண்டி நடையின் சத்தம் எனக்கே கேட்டது.

அப்பா வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது லூர்து களத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் தோட்டத்துக்குப் போயிருந்தார். நான் பேரைச் சொன்னேன். அவளும் காலைத்தான் பார்த்தாள். ஆனால் ஓடவில்லை. மெதுவாக எழுந்து வந்து என் இடது பாதத்தைக் கையால் தொட்டாள். "நெனச்சதவிடக் காலு சின்னது" என்றாள், எனக்குச் சொல்லாமல் தனக்குத்தானே சொல்கிற மாதிரி. எனக்கு அது அப்போது புரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் பட்பட்டென்று சாத்திக்கொண்டது. பாப்பாத்தி வேறு வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "புத்தகம் எழுதுறேன்னியே, அப்பாவப் பத்தி என்ன எழுதியிருக்க?" என்றாள். பையிலிருந்து காகிதத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். ஏன் படித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காலரா, மடி, கடைசி வாய்த் தண்ணீர், எல்லாம். லூர்து கட்டிய பூவைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"இப்படியே செத்திருந்தா அவருக்கு நல்லா இருந்திருக்கும்க்கா" என்றாள்.

"ஏன்டி அப்படிச் சொல்ற?"

அவள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தாள். திறந்ததும் தோல் வாசனை, ரயிலில் ஏறிக்கொண்டதே அதே வாசனை, குப்பென்று வந்தது. ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து சாகிறவரை அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில்தான் வேலை பார்த்தாராம். பெட்டி நிறையச் செருப்பு. ஜோடி ஜோடியாக நூல் போட்டுக் கட்டியிருந்தது. அடியில் கிடந்தது என் உள்ளங்கை அளவு. அதற்கு மேலே கொஞ்சம் பெரிசு. அதற்கு மேலே இன்னும் கொஞ்சம். எதுவும் தேயவில்லை, யாரும் போட்டதில்லை.

"வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு ஒன் சிலுவையில ஒரு ஜோடி வைப்பாரு. மறுநாள் எடுத்தாந்து இதுல போட்டுருவாரு. ஏங்காலுல அளவெடுத்து, நீ மூத்தவன்னு ஒரு வெரக்கட கூட்டித் தைக்கச் சொல்வாரு. ஊருல கேலி பேசுனாங்க, செத்த புள்ளைக்குக் காலு வளருமான்னு. அதுக்கப்புறம்தான் பயப்பட ஆரம்பிச்சாங்க."

அடியில் கிடந்த ஜோடியைக் கையில் எடுத்தேன். "அப்ப நான் சாகலைன்னு அவருக்குத் தெரியுமா?"

"சாகுறப்ப ஏங்கிட்ட மட்டும் சொன்னாரு. கூட வந்தவுக எல்லாம், அந்தப் புள்ள பொழுதுக்குத் தாங்காது, தூக்கிக்கிட்டு அலஞ்சா மூணு பேரும் போயிருவீகன்னு சொன்னாங்களாம். வளைவுல திரும்பிப் பாத்தப்ப நீ எந்திரிச்சு உக்காந்தியாம். பாத்துட்டாராம். பாத்துட்டும் நடந்தாராம். நான் தோளுல இருந்தேன்ல." அவள் செருப்பு ஜோடிகளைத் திரும்ப அடுக்கினாள். "ஊருல வந்து செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாரு. வேற என்னன்னு சொல்லுவாரு?"

பார்த்துவிட்டார். இதைத்தான் கேட்க வந்தேன், கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் அவர் உயிரோடு எழுந்து வந்திருந்தால் சத்தியமாக அந்தச் செருப்பாலேயே அடித்திருப்பேன். சண்டை முடிந்த பிறகாவது ஒரு காயிதம்? ரங்கூன் கோயிலுக்கு ஒரு வரி? கேட்கவே இல்லையாம். இருக்கிறாள் என்று பதில் வந்தாலும் பயம், இல்லை என்று வந்தாலும் பயம். லூர்துவின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. சின்ன வயசிலிருந்து என் செருப்புக்குத் தன் காலைக் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய் எனக்கு என்ன ஆத்திரம்! அன்றைக்கு நான் அவளோடு அப்புறம் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள்தான் கல்லறைத் திருநாள். நான் கணக்குப் பண்ணி வந்ததில்லை. சாயங்காலம் மழை விட்டிருந்தது. எல்லாச் சிலுவைக்கும் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி சாத்தி, மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. "ச. செசிலி. பர்மா ரோட்டில் மரித்தவள்." அடியில் சவம் இல்லை, அப்பா கொண்டுவந்த என் பாவாடை ஒன்றைத்தான் புதைத்தார்களாம். லூர்து மடியிலிருந்து ஒரு புது ஜோடிச் செருப்பை எடுத்து அதன் முன்னால் வைத்தாள். அப்பா போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. நான் முக்காடு போட்டு அவள் பின்னால் நின்றேன். ஜனம் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நின்றது.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வர, உபதேசியார் நோட்டைப் பார்த்துப் பேர் வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஜனங்கள் செபம் சொன்னார்கள். "செ. சவரிமுத்து" என்றார். சொன்னார்கள். "ச. செசிலி" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தினம் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. மெழுகுவத்தி படபடப்பதுகூடக் கேட்டது. பின்னால் ஒரு பெண் பொத்தென்று மண்டியிட்டாள். பாப்பாத்தி வேலிக்கு வெளியே தலையில் கை வைத்து நின்றாள். சாமியாரின் கையில் தீர்த்தச் செம்பு அந்தரத்தில் நின்றது. அவரும் குனிந்து என் காலைத்தான் பார்த்தார்! என்ன ஊரப்பா இது!

லூர்துதான் என் முக்காட்டை விலக்கி, "எங்கக்கா, சாமி. வந்துருச்சு" என்றாள்.

உபதேசியார் பேனாவை எடுத்தார். நோட்டில் அந்தப் பேரை அடித்துவிட்டு, அடுத்த பேரை வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் குனிந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வலது கால் சரியாக இருந்தது. இடது காலில் முன்பக்கம் இரண்டு விரல் இடம் காலியாகக் கிடந்தது. என் விரல் போனது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? முழுக் காலோடுதான் என்னை வளர்த்திருக்கிறார். அங்கேயே அப்பாவின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் அழுதேன்.

ஊருக்குப் புறப்படும்போது ஆற்றங்கரைப் பானையில் தண்ணீர் இருந்தது. "இனி எதுக்கு?" என்று லூர்து கேட்டாள். "வெயில் காலத்துல யாராச்சும் குடிக்கட்டும்" என்றேன். பாப்பாத்தி கூடையோடு தூரத்தில் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை, ஆனால் ஓடவும் இல்லை.

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் லூர்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "போறேன்னு சொல்லாத. வாரேன்னு சொல்லுக்கா."

அந்த ஒரு சொல் என் வாயில் வராது. பதினாறு வருஷமாக நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது மரியம்மாவிடம்கூட "நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அவளும் விஷயம் தெரிந்தவள், கேட்டதில்லை. கார்டு விசில் ஊதினார். லூர்து விடவில்லை. முயற்சி பண்ணினேன், வரவில்லை. ஏறிவிட்டேன். ஏறி, குனிந்து, இடது கால் செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தேன்.

"ஒத்தச் செருப்ப வச்சு நான் என்னக்கா செய்ய?"

"வச்சிரு. இன்னொண்ணு என் கால்ல இருக்கு."

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். பிளாட்பாரம் வளைகிற இடத்தில் நான் எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தாள். பாறை மறைகிறவரை காத்திருந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அப்பா செத்துப்போகிற பக்கங்களைக் கிழித்தேன். பெட்டி ஆடிய ஆட்டத்தில் கையெழுத்து கோணல் மாணலாக வந்தது. அச்சாபீஸ்காரர் திட்டத்தான் போகிறார். "அப்பா திரும்பிப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதினேன்.